ஒரு விரற்கடை குறைவு

“சப்பரத்துக்குப் பின்னால நின்னா ஆளு இருக்கதே தெரியாது. இவ போலீசுக்குப் போறாளாம்.”

இதை அத்தை என்னிடம் சொல்லவில்லை. தன் கூடையில் கிடந்த சாளை மீன்களிடம் சொன்னார். அப்பாவின் அக்கா அவர். தெருத்தெருவாக மீன் விற்பவர். மனதில் இருப்பதை ஆளைப் பார்த்துச் சொல்லும் வழக்கம் அவரிடம் கிடையாது. பக்கத்தில் எது இருக்கிறதோ அதனிடம் சொல்லிவிடுவார். கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் கேட்க வேண்டியவள் நான். கல்லூரியில் விலங்கியல் முடித்து வந்து, எஸ்.ஐ. தேர்வு எழுதப் போகிறேன் என்று அப்போதுதான் வீட்டில் அறிவித்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போனார். அத்தை கரைக்குப் போனார். அம்மா இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போனார். அதனால் வீட்டுக்குள் எழுத்து என்று எது வந்தாலும், கரண்ட் பில் ஆனாலும் மாத்திரை அட்டை ஆனாலும், நேராக என் கைக்கு வரும். நான் படித்துச் சொல்லும்வரை மூன்று பேரும் என் வாயையே பார்ப்பார்கள். இதில் எனக்குத் தலைக்கனம் உண்டு என்று சொல்வார்கள். உண்டுதான். உயரம் சேராத உடம்பில் கனமாவது சேரட்டுமே என்று நானும் அதைக் குறைத்துக்கொள்ள முயன்றதில்லை.

போலீஸ் ஆசை எனக்குச் சேவை மனப்பான்மையால் வந்ததல்ல. பள்ளியில் படித்தபோது ஒருநாள் கரையில் வள்ளம் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை. இரண்டு பக்கமும் துடுப்பைத் தூக்கிவிட்டார்கள். அப்போது ஜீப்பில் ஒரு பெண் எஸ்.ஐ. வந்து இறங்கினார். அவர் ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றார். அவ்வளவுதான், கரையில் இருந்த ஆண்கள் எல்லோரும் மடித்துக் கட்டியிருந்த லுங்கிச் சாரத்தை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார்கள். அப்பாவும் இறக்கினார். மாதா கோயில் சாமியார் வந்தாலே கொஞ்சம் யோசித்துவிட்டு இறக்குகிறவர் அவர். அன்று யோசிக்கவே இல்லை. “மேடம்” என்று வேறு சொன்னார். அந்தக் காட்சியை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். ஒருநாள் என் அப்பா எனக்காகச் சாரத்தை இறக்கிவிட வேண்டும். என் லட்சியம் இவ்வளவுதான். இதை நேர்முகத் தேர்வில் சொல்ல முடியாது என்பதால் நாட்டுப் பற்று, பெண்கள் பாதுகாப்பு என்று இரண்டு பதில்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

பயிற்சி வகுப்பில் சேர்ந்த அன்றே சார் என்னைச் சுவரில் வரைந்திருந்த அளவுகோலுக்கு முன்னால் நிறுத்தினார். ஒரு விரற்கடை குறைந்தது. தேர்வுக்கு வேண்டிய உயரம் என் தலைக்கு மேலே, ஒரு விரலைப் படுக்கவைத்தாற்போல் மெல்லிய இடைவெளியில் நின்றது. சார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்பியில் தொங்கினால் கூடும் என்றார், என்னைவிட உயரமான இன்னொரு பெண்ணிடமும் அதையே சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. “ஒரு விரக்கடையா? அதெல்லாம் ஒரு கொறவாளா?”

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். விடிய விடியக் கடலில் கிடந்து வெறும் வலையோடு வரும் நாட்களில் அவர், “இன்னைக்கு இல்ல” என்று மட்டும் சொல்வார். பிறகு டீக்கடைக்குப் போவார். ஒருமுறை ஒரு விசைப்படகு குறுக்கே போய் வலையில் பாதியை அறுத்துக்கொண்டு போனது. அன்றைக்கும் “போச்சு” என்றார், டீக்கடைக்குப் போனார். இல்லாததைப் பற்றி இரண்டாவது வார்த்தை பேசாத மனிதர். அவர்தான் என் ஒரு விரற்கடையை விடமாட்டேன் என்று நின்றார்.

வள்ளத்துக்குப் பாய் கட்டிய காலத்துக் கழி ஒன்று எங்கள் முற்றத்தில் சும்மா கிடந்தது. அதை எடுத்துப் பூவரச மரத்துக்கும் அடுப்படிச் சுவருக்கும் நடுவே கட்டினார். காலையிலும் மாலையிலும் நான் அதில் தொங்கினேன். படித்த பிள்ளை தொங்குகிறாள் என்று கேள்விப்பட்டுத் தெருப் பெண்கள் பார்க்க வந்தார்கள். சிலர் பேச்சு சுவாரசியத்தில் என் காலைப் பிடித்துக்கொண்டே பேசினார்கள், அதனாலும் கொஞ்சம் நீளலாம் என்று நான் தடுக்கவில்லை. அம்மா முட்டையும் முருங்கைக்கீரையுமாகப் போட்டார். மாதா கெபியில் போய் மெழுகுதிரி கொளுத்தினார். என் உயரத்துக்குத் திரி என்று வேண்டிக்கொண்டவர், இருக்கிற உயரத்துக்கா வேண்டிய உயரத்துக்கா என்று குழம்பி, பெரியதாகவே வாங்கினார்.

அத்தை மட்டும் இறங்கி வரவில்லை. கழியில் இடம் மிச்சம் இருப்பதைப் பார்த்துவிட்டு, உப்பில் ஊறிய சீலா மீனை எனக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார். பிறகு அந்த மீனிடம், “நீ காஞ்சா கருவாடு. இவ காஞ்சா என்ன ஆவாளோ” என்றார்.

அளப்பதில்தான் சிக்கல் வந்தது. வீட்டில் இருந்தது அம்மாவின் ஜாக்கெட் அளவு நாடா. அதன் முன்நுனி நைந்து போனதால் எப்போதோ வெட்டிவிட்டார்கள். எவ்வளவு வெட்டினார்கள் என்பதில் அம்மாவுக்கு ஒரு கருத்து, அத்தைக்கு ஒரு கருத்து. ஒவ்வொரு முறை அளக்கும்போதும் சண்டை வந்தது. அப்பா ஒருநாள் நாடாவைப் பிடுங்கி எறிந்தார். சட்டைத் துணி அளக்கிறதை வைத்து ஆளை அளக்கக்கூடாது, கயிறுதான் பொய் சொல்லாது என்றார். புது வலைக்காக வாங்கி வைத்திருந்த நைலான் கயிற்றுச் சுருளைப் பிரித்து ஒரு துண்டு வெட்டினார். கடை வாசம் போகாத வெள்ளைக் கயிறு. நுனியை என் குதிகாலுக்கு அடியில் மிதிக்கச் சொல்லி, கதவு நிலையோடு என்னைச் சேர்த்து நிறுத்தி, உச்சந்தலை வந்த இடத்தில் முடிச்சுப் போட்டார். அதற்கு மேலே ஒரு விரல் தள்ளி இன்னொரு முடிச்சு. கீழ் முடிச்சு நான். மேல் முடிச்சு எஸ்.ஐ. கயிற்றை வெளிச்சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

மழைக்காலம் வந்தது, கயிறு நனைந்தது. மழை விட்டு வெயில் அடித்தது, கயிறு காய்ந்தது. நான் தொங்கினேன், படித்தேன், எழுத்துத் தேர்வு எழுதினேன், தேறினேன். வகுப்பில் நல்ல மதிப்பெண். அதை இங்கே எழுதாமல் விடுவது எனக்குச் சிரமமாக இருக்கிறது, ஆனாலும் விடுகிறேன்.

கிறிஸ்மஸ் கழிந்த ஒரு காலையில் அப்பா கயிற்றை எடுத்து வந்தார். நுனியை மிதித்தேன். அப்பா முடிச்சைத் தேடினார். கீழ் முடிச்சு என் நெற்றிக்குப் பக்கத்தில் இருந்தது. மேல் முடிச்சு சரியாக உச்சந்தலையில் உட்கார்ந்திருந்தது.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா மறுபடி அளந்தார், மறுபடியும் அதேதான். அன்று கரை முழுக்க இனிப்பாக மக்ரூன் கொடுத்தார். அத்தை முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டிடம் போய், “வளந்துட்டாளாம்ல, கேட்டியா?” என்றார். ஆடும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் நம்பினேனா? கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கூனி இறாலின் நீளத்தைக்கூட இரண்டுமுறை சரிபார்க்காமல் எழுதியதில்லை நான். பயிற்சி வகுப்புச் சுவரில் அளவுகோல் இருந்தது. வாரத்தில் பாதி நாள் அதைக் கடந்துதான் போனேன், வந்தேன். ஒருநாளும் அதில் போய் நிற்கவில்லை. நல்ல செய்தி சொல்லும் கயிறு வீட்டில் இருக்கும்போது சுவரிடம் எதற்குப் போய் நிற்க வேண்டும்?

உடல் தகுதித் தேர்வு நாள் வந்தது. மனிதர்கள் படுத்து எழுந்த உடனே கொஞ்சம் உயரமாக இருப்பார்கள், நிற்க நிற்க முதுகெலும்பு அமுங்கும் என்று நான் எங்கோ படித்திருந்தேன். அதை வாய் தவறி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, மீன் ஏற்றும் லோடு வண்டி ஓட்டுகிறார். பாயோடு என்னைத் தூக்கி அந்த வண்டியில் படுக்க வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஐஸ் பெட்டிகள். நடுவில் ஒரு பலகை, அதன்மேல் டிராக் பேண்ட் போட்ட நான். கால்மாட்டில் அப்பா, கயிற்றைச் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு.

ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. பக்கத்தில் சைக்கிளில் நின்ற பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நீட்டிப் படுத்திருக்கும் பெண்ணையும் ஐஸ் பெட்டியையும் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கும் தகப்பனையும் பார்த்தார். தலைத்துண்டை எடுத்துவிட்டு, மெதுவாக, “என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பரீட்சைக்குப் போறா” என்றார் அப்பா.

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். பெரியவர் சைக்கிளோடு இரண்டடி பின்னால் போனார்.

மைதானத்தில் என்னை இறக்கி நிறுத்தினார்கள். உள்ளே பெண்கள் வரிசை. முன்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒதியமரம் மாதிரி இருந்தார்கள். என் முறை வந்தது. அளக்கும் பலகையில் ஏறி, நாடியை நேராக வைத்து நின்றேன். சட்டம் இறங்கி உச்சந்தலையைத் தொட்டது. அளந்த பெண் காவலர் எண்ணைப் படித்தார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு விரற்கடை குறைவு.

இன்னொரு முறை அளக்க முடியுமா என்று கேட்டேன். அளந்தார்கள். அப்போது அந்த அதிகாரி எழுந்து வந்து என் தலையைக் குனிந்து பார்த்தார். அவர் குனிந்து பார்க்கும் அளவுக்குத்தான் நான் இருந்தேன். என் உச்சி முடியிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மீன் செதில். வண்டிப் பலகையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

“இதையும் சேத்துத்தான்மா அளந்திருக்கு” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. கேலி செய்திருந்தால் பதில் கொடுத்திருப்பேன்.

வாசலில் அப்பா நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. அவர் என்னிடம் எதுவும் கேட்காமல் கயிற்றை எடுத்துக்கொண்டு நேராகக் காவலுக்கு நின்றவரிடம் போனார். உங்கள் பலகையில்தான் ஏதோ கோளாறு, இதில் ஒருமுறை அளந்து பாருங்கள் என்றார். அந்தக் காவலர் முதலில் கயிற்றைப் பார்த்துப் பயந்தார். பிறகு விஷயத்தைக் கேட்டு, தொப்பியைக் கழற்றி மாட்டினார். அப்பா விடுவதாக இல்லை. மேலே யாரிடம் சொல்ல வேண்டும், கலெக்டரிடமா, கோர்ட்டிலா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் போய் அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடித்தேன்.

“இன்னைக்கு இல்லப்பா” என்றேன். “வாங்க, டீ குடிக்கலாம்.”

அவருடைய வார்த்தையையே எடுத்து அவர்மேல் போட்டது அவருக்குப் புரிந்தது. முறைத்தார். ஆனால் வந்தார். டீ குடிக்கவில்லை, ஆற்றிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கயிறு பழையபடி ஆணிக்குப் போனது. மறுநாள் விடியலில் என்னை எழுப்பித் தொங்கச் சொன்னார். நானும் தூக்கக் கலக்கத்தில் போய்த் தொங்கினேன். அத்தையின் கருவாடு பக்கத்தில் காற்றில் ஆடியது. எதற்குத் தொங்குகிறேன் என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு முழுதாக வந்தது. இறங்கிவிட்டேன்.

இறங்கினேனே ஒழிய, மனம் அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை. கொஞ்ச காலம் பஸ்ஸில் ஏறினால் உயரமான பெண்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். இவளுக்கு எதற்கு இவ்வளவு, ஃபேன் இறக்கை துடைக்கவா என்று ஒவ்வொருத்தியாகக் கணக்குப் பார்த்தேன். எல்லோரிடமிருந்தும் ஒரு விரற்கடை வாங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை என்றும் தோன்றியது.

ஒரு கேள்வி மட்டும் எனக்கு உறுத்தியது. கயிறு எப்படிப் பொய் சொன்னது? படித்தவள் என்று பெயர் வாங்கியது வீண் போகக்கூடாது என்று, அதே சுருளில் இன்னொரு துண்டு வெட்டினேன். இரண்டு முடிச்சுப் போட்டு, இரும்பு ஸ்கேலில் அளந்து குறித்துக்கொண்டேன். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்தேன், மறுபடியும் ஊறப்போட்டுக் காயவைத்தேன். அளந்தால், கயிறு சுருங்கியிருந்தது. நான் வளரவே இல்லை. கயிறுதான் என்னை நோக்கி இறங்கி வந்திருக்கிறது.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் கொண்டுபோய் அதை வைத்தேன். கண்டுபிடிப்பை விளக்க ஆரம்பித்தேன். அவர் முழுதும் கேட்கவில்லை.

“புதுக் கயிறு நனைஞ்சு காஞ்சா இழுக்கும். இது தெரியாதாக்கும்” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தெரிந்திருந்தால் ஏன் அதில் என்னை அளந்தீர்கள் என்று கேட்டேன். வலையில் ஏற்றும் முன்னால் புதுக் கயிற்றை ஊறவைத்துக் காயவைக்காத மீன்காரன் இந்தக் கரையில் உண்டா என்று கேட்டேன். கோர்ட்டுக்குப் போகிற வேகத்தில் இருந்தேன்.

அப்பா ஊசியை வலையில் குத்தி வைத்தார். “வலைக்குன்னா ஊறப்போட்டுத்தான் அளப்பேன்” என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “ஒனக்குன்னு நல்லதா பாத்து எடுத்தேன். பழசுல கவுச்சி அடிக்கும்லா.”

சிரிக்கலாம் என்றுதான் போயிருந்தேன். சட்டென்று சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வலையின் இன்னொரு நுனியைப் பிடித்துக் கொடுத்தேன். அப்புறம்தான் வந்தது. நான் சிரிக்க, அவரும் சிரித்தார். ரயில்வே கேட்டுப் பெரியவரை அவர் நடித்துக் காட்டினார். துண்டை எடுத்த விதம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் பார்த்தால் ஆணி வெறுமையாக இருந்தது. சில நாள் கழித்துக் கரைக்குப் போனபோது வள்ளத்தில் தண்ணீர் இறைக்கும் வாளியில் அந்தக் கயிறு கட்டியிருந்தது. முடிச்சு இரண்டும் அப்படியே இருந்தன. பிடித்து இழுக்க வசதியாக இருக்கிறதாம்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. திருடனைத் துரத்த வேண்டும் என்று நான் ஒருநாளும் கனவு கண்டதில்லை. ஜீப்பும் தொப்பியும்கூடக் கனவில் வந்ததில்லை. வந்ததெல்லாம் கரையும், சாரங்களும்தான். உயரம் இனி வராது. அது போகட்டும். சாரத்தை ஏன் விட வேண்டும்?

கரைக்கு வரும் அரசாங்க ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். போலீஸ் எப்போதாவதுதான் வருகிறது. மீன்வளத் துறை ஆய்வாளர் அடிக்கடி வருகிறார். வள்ளத்தின் பதிவைப் பார்க்கிறார், வலைக் கண்ணை அளக்கிறார், குஞ்சு மீன் மாட்டும் வலையென்றால் நிறுத்துகிறார். அவருக்கு விலங்கியல் தெரிந்தால் போதும். அந்தப் பணிக்கான அறிவிப்பு வந்தபோது நான் முதலில் உடல் தகுதிப் பகுதியைத்தான் தேடினேன். உயரத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அம்மா கேட்டதால் சத்தமாகவே இரண்டுமுறை படித்துக் காட்டினேன்.

அத்தை அன்றைக்குக் கூடையில் நண்டு வைத்திருந்தார். “மீன் விக்கவ மருமவ மீனுக்கே அதிகாரியாம்” என்று நண்டிடம் சொன்னார். நண்டு மறுத்துப் பேசவில்லை. போகும்போது அத்தை கூடையில் பெரிதாக இரண்டை எடுத்து எங்கள் அடுப்படியில் வைத்துவிட்டுப் போனார்.

தேர்வு எழுதிவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை சும்மா இருப்பது எனக்கு ஒத்துவராது. போன சனிக்கிழமை இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அப்பா நிழலில் உட்கார்ந்து வலையை மடித்துக்கொண்டிருந்தார். பழகிப் பார்க்க வேண்டும், உங்கள் வலைக் கண்ணை அளக்கப் போகிறேன் என்றேன். பக்கத்து வள்ளத்துக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அப்பா அவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தார். பிறகு எழுந்து, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து, நிதானமாகக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார்.

“அளந்து பாருங்க மேடம்” என்றார்.

கரையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதிகாரி சிரிக்கக்கூடாது. குனிந்து அளக்கத் தொடங்கினேன். பெரும்பகுதி சரியாக இருந்தது. புதிதாகச் சேர்த்த ஒரு பகுதியில் மட்டும் கண்கள் சிறுத்திருந்தன. அரசு சொல்லும் அளவைவிடக் குறைவு, ஆனால் அந்தக் குறைவு ஒரு விரற்கடைகூட இல்லை. ஸ்கேலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நனைஞ்சா விரியும்ளா” என்றார்.

நான் பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்து, குறைந்த கண்களில் எல்லாம் வரிசையாகக் கட்டிவிட்டேன். அந்தப் பகுதியை அப்பா இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறார்.